புது ரவுட்டர் வாங்கும் முன் பழையதை நகர்த்திப் பாருங்கள்

கடைசி அறையில் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால், புது ரவுட்டர் வாங்கத்தான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆறு ஆன்டெனாவோடு சிலந்தி மாதிரி இருந்த ஒன்றை வாங்கி, பழையது இருந்த அதே இடத்தில், டிவிக்குப் பின்னால் வைத்தேன். கடைசி அறையில் ஒரு கோடுகூட ஏறவில்லை. அதனால் இங்கே கடைக்குப் போகும் வேலையைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன்.

படி 1: கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

மடிக்கணினியை லேன் கேபிளில் நேராக ரவுட்டரோடு இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். அதிலேயே மந்தமாக இருந்தால் வைஃபை மேல் பழி இல்லை. இணைப்பு தரும் நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். கேபிளில் சரியாக வருகிறது என்றால் போனை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்து, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் வேகத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்னலை எண்ணில் காட்டும் செயலி கிடைத்தால் இன்னும் நல்லது. எண்கள் மைனஸில் இருக்கும். -50 என்றால் அருமை, -67 வரை வீடியோ அழைப்புக்குப் போதும், -80 என்றால் இருந்தும் இல்லாத மாதிரி. 3 குறையும்போதெல்லாம் சக்தி பாதியாகிறது. அப்படிப் பார்த்தால் -80 இருக்கும் அறைக்கு, -50 இருக்கும் அறைக்குக் கிடைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது.

படி 2: இடத்தை மாற்றுங்கள்

பெரும்பாலான வீடுகளில் ரவுட்டர் இருக்கும் இடத்தை முடிவு செய்தது வீட்டுக்காரர் அல்ல, இணைப்பு கொடுக்க வந்தவர். சுவரில் துளை போட எங்கே வசதியோ அங்கே மாட்டிவிட்டுப் போயிருப்பார். அது அநேகமாக வெளிச்சுவர் ஓரமாக இருக்கும். பாதி சிக்னல் தெருவுக்குப் போகும்.

வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு அலமாரி, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி, டிவி ஆகியவற்றின் பின்னால் வேண்டாம். உலோகம் சிக்னலைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் குடித்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். ஃபைபர் பெட்டியை நகர்த்த முடியவில்லையா? அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து ரவுட்டரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தை, அதாவது நொடிக்கு 1000 மெகாபிட்டை, தாங்கும்.

ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று பலர் கேட்கிறார்கள். காற்றடித்த சைக்கிள் டியூபின் நடுவில் ஒரு குச்சியை நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சி ஆன்டெனா, டியூப் சிக்னல். பக்கவாட்டில் பரவும், நுனி காட்டும் திசையில் மிகக் குறைவு. ஆகவே ஆன்டெனாவை அறையை நோக்கி நீட்டாதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். மாடியிலும் சிக்னல் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

படி 3: உள்ளே போய் இரண்டு மாற்றங்கள்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை உலாவியில் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். 5 வேகமானது, சுவரில் சீக்கிரம் தளரும்.

ஒவ்வொரு அலைவரிசையும் சேனல் என்ற எண்ணிட்ட பாதைகளாகப் பிரிந்திருக்கும். 2.4-ல் சேனல் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்தில் எது குறைவாக இருக்கிறதோ அதை எடுங்கள். 3 காலியாக இருக்கிறதே என்று அங்கே போய் உட்காராதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் முறை வைத்துப் பேசிக்கொள்ளும். பாதி உரசும் சேனலில் ஒன்றுக்கு மற்றது வெறும் இரைச்சல்தான். அப்புறம், அதே 2.4-ல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்.

படி 4: இனி கடைக்குப் போகலாம்

அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1200 மாதிரியான வேக எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது 2.4-ல் 300 மெகாபிட், 5-ல் 867 மெகாபிட் இரண்டையும் கூட்டி உருட்டிய ஏட்டுக் கணக்கு. ஒரு போன் ஒரு நேரத்தில் பொதுவாக ஒன்றில்தான் இருக்கும்.

அதைவிட முக்கியம் பின்னால் கேபிள் செருகும் போர்ட். 1200 என்று போட்டிருக்கும் சில மலிவு மாடல்களில் போர்ட்டின் வேகம் 100 மெகாபிட்தான். 300 மெகாபிட் இணைப்பு எடுத்திருந்தாலும் உள்ளே வருவது 95-ஐத் தாண்டாது. எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட்டா என்று கேட்டு வாங்குங்கள். வைஃபை 6 தலைமுறையும், கடவுச்சொல்லைக் காக்கும் டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் இருந்தால் போதும். உங்கள் போனும் கணினியும் வைஃபை 7-க்குத் தயாராக இல்லாவிட்டால் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

"பவர் அதிகமான ரவுட்டர்" என்ற பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் அனுப்பும் சக்திக்குச் சட்ட வரம்பு உண்டு. போனும் பதில் சொல்லியாக வேண்டுமே! ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், போனின் சின்னக் குரல் திரும்பி எட்டாவிட்டால் பயனில்லை.

படி 5: அப்படியும் எட்டாத அறைக்கு

ரிப்பீட்டர் மலிவு, ஆனால் ஒரே அலைவரிசையில் கேட்டுத் திருப்பிச் சொல்வதால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். அதையும் சிக்னல் இல்லாத அறையில் வைத்தால் திருப்பிச் சொல்ல எதுவும் இருக்காது. பாதி வழியில் வையுங்கள். பெரிய வீட்டுக்கு, பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் நல்லது. அதன் பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் இன்னும் நல்லது.

பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால் அதையே பயன்படுத்தலாம். அமைப்பில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்புவது மட்டுமே அதன் வேலை) மாற்றி, கேபிள் இழுத்து, அதே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, சேனலை மட்டும் வேறாக வையுங்கள். பிறகு முதல் படியில் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு மறுபடி அறை அறையாக நடந்து பாருங்கள். என் கடைசி அறைக்கு இதுகூடத் தேவைப்படவில்லை. ஆறு ஆன்டெனாவை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கூடத்து அலமாரியின் மேல் வைத்ததும் -82 இருந்த இடத்தில் -64 வந்துவிட்டது. பழையதே அதைச் செய்திருக்கும் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.