பேரழிவுக்குப் பிந்தைய கதையுலகில் நம்பத்தக்க பணத்தை உருவாக்குவது எப்படி?

முதலில், உங்கள் கதைமாந்தர்கள் எதைப் பெற்றால் அதை மறுநாள் வேறொருவரிடம் தயக்கமின்றிக் கொடுத்து மாற்ற முடியும் என்று கேளுங்கள். அப்பொருள் எளிதில் கெடாததாகவும், சிறு அளவுகளாகப் பிரிக்கத்தக்கதாகவும், போலி செய்யக் கடினமானதாகவும் இருக்க வேண்டும். தங்கத்தை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். பசித்த ஊரில் தானியம் வைத்திருப்பவர் தங்கத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அடுத்து, அப்பொருளின் வரத்தையும் அழிவையும் தீர்மானியுங்கள். கதைக்கு உயிர் கொடுப்பது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் போர்க்கைதி முகாம்களில் சிகரெட்டே பணமாகப் புழங்கியது. சிகரெட்டுகள் அடங்கிய செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலங்கள் வந்து பணம் பெருகியபோது பொருள்களின் விலை ஏறியது, வரத்து நின்று கைதிகள் இருப்பைப் புகைத்துத் தீர்க்கத் தீர்க்க விலை இறங்கியது. நல்ல சிகரெட்டுகளைப் புகைத்துவிட்டு மட்டமானவற்றைக் கைமாற்றும் பழக்கமும் அங்கே தோன்றியது. தோட்டாக்களைப் பணமாக்கினால், ஒவ்வொரு சண்டையும் ஊரின் பணப்புழக்கத்தைக் குறைக்கும் என்பதை மறவாமல் எழுதுங்கள்.

காகிதப் பணத்தையும் உடனே குப்பையில் எறிந்துவிட வேண்டாம். 1991இல் சோமாலியாவின் அரசு வீழ்ந்து மத்திய வங்கி செயலிழந்த பின்னரும், மக்கள் பழக்கத்தின் வலிமையால் பழைய ஷில்லிங் தாள்களைத் தொடர்ந்து ஏற்றனர். பின்னர் தனியார் அச்சிட்ட தாள்களும் அவற்றோடு கலந்தன; ஆகவே உங்கள் உலகில் அச்சு இயந்திரம் யார் கையில் எஞ்சியிருக்கிறது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள்.