புதிய கணக்கருக்கு ஜிஎஸ்டி கற்றுத்தர ஏற்ற நாட்கள்

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஜிஎஸ்டி கற்றுத்தர நல்ல நேரம், மாதத்தின் 14 முதல் 20 தேதி வரை. சப்ளையர்கள் நம் பெயரில் காட்டிய பில்களின் பட்டியலான 2பி அறிக்கை 14ஆம் தேதி வந்துவிடும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் படிவமான 3பி-க்குக் கடைசி நாள் 20. இந்த இடைவெளியில் கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு ஒப்பிடும் வேலையை அவர்கள் கையிலேயே கொடுங்கள். முதல் மாதம் பத்து சப்ளையர் போதும்.

ஒத்துப்போகாத பில் வந்தால் உடனே விடை சொல்லிவிடாதீர்கள். பில் நம்பரில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கலாம், நம் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாகப் போட்டிருக்கலாம், சப்ளையர் தன் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலே செய்யாமல் இருக்கலாம். எது காரணம் என்று அவர்களே பில்லை எடுத்துப் பார்த்துக் குறித்து வைக்கட்டும். சப்ளையரிடம் போனில் பேசுவதும் அவர்களே. முதல் இரண்டு அழைப்புக்கு மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். சீனியர்கள் பலர் இந்தப் போன் வேலையைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். கணக்கர் தேறுவதே அங்கேதான்.

தாக்கல் செய்யும் பொறுப்பு உங்களிடமே இருக்கட்டும். 17ஆம் தேதிக்குள் அவர்கள் முடித்தால்தான் சரிபார்க்க நேரம் கிடைக்கும். தப்பு தெரிந்தால் நீங்களே எக்செலில் மாற்றிவிடாமல், கூப்பிட்டு அவர்கள் கையாலேயே திருத்தச் சொல்லுங்கள்.