ஸ்கிராபிளில் கியூ வந்து யூ வராவிட்டால்

ஆங்கில எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் கியூ (Q) கையில் வந்துவிட்டால் யூ (U) வரும் என்று காத்திருக்காதீர்கள், ஐ (I) பக்கத்தில் வைத்து கியூ-ஐ (QI) என்ற இரண்டெழுத்துச் சொல்லைப் போட்டுவிடுங்கள். 100 வில்லைகளில் யூ 4தான், ஐ 9 இருக்கிறது. கடைசி வரை கியூ கையிலேயே தங்கினால் 10 புள்ளி கழியும். கியூ-ஐ என்பது சீன மொழியில் உயிராற்றலைக் குறிக்கும் சொல். சீனம், அரபு மாதிரி மொழிகளிலிருந்து வந்த சொற்களில் கியூ வேறொரு ஒலிக்காக நிற்பதால் யூ தேவைப்படுவதில்லை, அதனால் கியூ-ஏ-டி (ஏமனில் மெல்லும் இலை), எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர் (நம் பக்கிரிதான்!) இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மூன்று மடங்கு எழுத்துக் கட்டத்தில் கியூ விழுந்து, குறுக்கேயும் நெடுக்கேயும் கியூ-ஐ அமைந்தால் மொத்தம் 62 புள்ளி, அப்படி ஒரு இடம் தெரிந்தால் விடவே விடாதீர்கள்.

ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆட்டத்துக்கு இது உதவாது. அங்கே விடையெல்லாம் அன்றாடம் புழங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள், கியூ வந்தால் அடுத்து யூ-வைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம், வீட்டில் ஆடும்போது எந்த அகராதி என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், சின்னப் பள்ளி அகராதிகளில் இந்தச் சொற்கள் இல்லாமல் போகலாம்.