அவசரத்துக்கு ஒரு மாட்டுக்கறி வதக்கல்
கால் கிலோ எலும்பில்லாத மாட்டுக்கறியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள், கொஞ்சம் இறுகினால்தான் மெல்லிசாக வெட்ட வரும், அதுவும் நாருக்குக் குறுக்கே. நார் போகிற போக்கில் வெட்டினால் செருப்பை மெல்கிற மாதிரிதான். முற்றின கறி இதற்கு ஆகாது, குக்கரில் போடுங்கள்.

சோயா சாஸ், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) தலா ஒரு ஸ்பூன், மிளகுத்தூள், கால் ஸ்பூன் சமையல் சோடா பிசறி 20 நிமிடம் ஊறட்டும். (வியட்நாமில் இருக்கிற சைகோன் போய் வந்த குடும்பங்கள் உள்ள புதுச்சேரியில் சோயா சாஸ் என்ன புதுசா?) அதற்குள் பெரிய மார்க்கெட்டில் வாங்கிய கேரட், பீன்ஸ், குடைமிளகாயை நீளமாக அரிந்துவிடலாம்.

இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, கறியை இரண்டு தடவையாகப் போட்டு வதக்குங்கள், மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுவிடும். சிவந்ததும் எடுத்து வைத்து, அதே சட்டியில் பூண்டு, காய்கள், 3 நிமிடம். அப்புறம் கறியையும் சேர்த்து ஒரு புரட்டு. சோறும் சரி, எனக்கு பரோட்டாதான்.