வலிக்கும் முன்பே வாயைக் காட்டுங்கள்: பல் மருத்துவரிடம் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளும் முறை

கடலூர் முதுநகரில் இருக்கும் என் பெரியம்மா, வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே உறங்கும் பழக்கம் உடையவர். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தபோது, “வலிக்கவே இல்லையே, இதுக்கு எதுக்குப்பா டாக்டர்?” என்றுதான் கேட்டார். தொடக்க நிலையில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை; வலிக்கட்டும் என்று காத்திருப்பவர்களில் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள். ஆகவே, இந்தப் பரிசோதனையை ஒருமுறைகூடச் செய்துகொள்ளாதவர்களுக்காக அதன் படிகளை இங்கே எழுதுகிறேன்.

படி 1: யார் போக வேண்டும்?

அரசின் திட்டப்படி 30 வயதைக் கடந்த அனைவருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாயைப் பார்க்க வேண்டும். புகையிலை, பாக்கு, பீடி, சிகரெட், மது ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பழக்கம் உள்ளவர்கள் ஆண்டுதோறும் காட்டிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. “நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்” என்று சமாதானம் சொல்பவர்கள் நம் பக்கம் ஏராளம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை தெளிவாகவே கூறுகிறது.

படி 2: எங்கே போவது, என்ன கேட்பது?

புதுச்சேரியில் உள்ள பெரிய மருத்துவமனையான ஜிப்மரின் பெயரைக் கேட்டதும் கலங்கிப்போகும் வீடுகள் உண்டு. முதல் பரிசோதனைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் எந்தப் பல் மருத்துவரும் இதைச் செய்யலாம். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ மேற்படிப்பு நிறுவனத்திலும், சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வாய் நோய்களுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் வாய்திறந்து கேட்க வேண்டும். நான் ஒருமுறை பல் பிடுங்கிக்கொள்ளப் போனபோது, அந்த ஒரு பல்லைத் தவிர வேறெதையும் யாரும் பார்க்கவில்லை. “பல்லை மட்டுமல்ல, புற்றுநோய்க்கான அறிகுறி ஏதும் இருக்கிறதா என்று வாய் முழுவதையும் பாருங்கள்” என்று நேராகச் சொல்லுங்கள்.

படி 3: புறப்படும் முன்

பட்டினி கிடக்கத் தேவையில்லை. வெற்றிலைச் சாறு போக வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுச் செல்லுங்கள். புண் இருக்குமிடத்தில் மஞ்சளோ கிராம்புத் தைலமோ தடவ வேண்டாம். பல்செட் இருந்தால் கழற்றி வைக்க ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டுப் பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்தக் கன்னத்தில் அடக்குவீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருமகள் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லலாம்.

படி 4: நாற்காலியில் நடப்பது

மருத்துவர் முதலில் தாடைக்கு அடியிலும் கழுத்தின் இருபுறமும் விரலால் அழுத்தி, நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு உதடுகளைப் புரட்டி, கன்னங்களின் உட்புறத்தையும் ஈறுகளையும் மேலண்ணத்தையும் கவனிப்பார். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரு ஓரங்களையும் பார்ப்பார். நாக்கின் ஓரமும் அதன் அடிப்பகுதியும் நாம் கண்ணாடியில் எளிதில் காண முடியாத இடங்கள் என்பதால், அவற்றைப் பார்க்காமல் விட்டால் தயங்காமல் நினைவூட்டுங்கள். ஒரு கை விரல் வாய்க்குள்ளும் மறு கை தாடைக்கு அடியிலுமாக வைத்து வாயின் தரைப்பகுதியைத் தடவிப் பார்ப்பதும் உண்டு. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலிக்காது.

துடைத்தால் போகாத வெள்ளைப் படலம், அதைவிடக் கவலைக்குரிய சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கெட்டியான தடிப்பு ஆகியவற்றையே அவர் தேடுகிறார். மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்க இயலாதபடி வாய் இறுகி, காரம் பட்டால் எரிச்சலும் இருந்தால், அது பாக்கினால் வரும் இறுக்க நோயாக இருக்கலாம்.

கருவியே இல்லாத இந்தச் சோதனையால் என்ன பயன் என்று எண்ண வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்த ஆய்வில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதன் முடிவுகள் 2005-இல் வெளியாயின.

படி 5: ஏதேனும் தென்பட்டால்

கூரான பல் உராய்ந்து வந்த புண்ணாகத் தோன்றினால், பல்லை மழுக்கிவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். எரிச்சல் நின்றுவிட்டாலும் அன்று கட்டாயம் போங்கள். அப்போதும் ஆறாமல் இருந்தாலோ, முதலிலேயே சந்தேகம் வந்தாலோ, பயாப்ஸி எனப்படும் திசுப் பரிசோதனை தேவைப்படும். பலர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போய்விடுகிறார்கள். “கத்தி பட்டால் பரவிவிடும்” என்ற பேச்சை என் பெரியம்மாவும் அண்டை வீட்டாரிடம் கேட்டுவிட்டு, ஒரு மாதம் வரமாட்டேன் என்று மறுத்தார். அந்தப் பேச்சு உண்மையல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துணுக்குச் சதையை எடுப்பார்கள், அவ்வளவே. நாள் கடத்துவதால்தான் நோய் வளர்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்னதாகவே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது. புற்றுநோய் என்று உறுதியானால் அடுத்த சிகிச்சைக்கு ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையம் கடலூர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

பெரியம்மாவின் சதையில் புற்றுநோய் இல்லை, ஆனால் அதை நோக்கிய மாற்றம் தொடங்கியிருந்தது. படலத்தை அகற்றிவிட்டார்கள். அவர் வெற்றிலைப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். பயாப்ஸி அறிக்கையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டுதான் காட்டப் போகிறோம்.