பிரெஞ்சுக் கால்பந்து வீராங்கனையின் ஆட்ட வாழ்க்கையை எழுதுவது எப்படி: வெண்டி ரெனாரை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கால்பந்து வீராங்கனை ஒருவரைப் பற்றித் தமிழில் எழுத முற்படுபவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அட்டவணைதான்: பிறந்த நாள், உயரம், ஆடிய கிளப்புகள், ஆட்டங்கள், கோல்கள், வென்ற கோப்பைகள். அதை வாக்கியங்களாக விரித்துவிட்டால் கட்டுரை முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் பிரான்சைப் பொறுத்தவரை அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அந்நாட்டுக்கே உரிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால், எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் கட்டுரை தவறான சித்திரத்தையே தரும். அந்த ஏற்பாட்டிலிருந்து தொடங்கி வீராங்கனையிடம் வந்து சேரும் முறையை, தடுப்பாட்ட வீராங்கனை வெண்டி ரெனாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். 2006 முதல் லியோன் என்னும் ஒரே கிளப்புக்கு ஆடிவருபவர் என்பதால் அவருடைய அட்டவணையில் கிளப்புக்கு ஒரே ஒரு வரிதான் உண்டு, ஆகவே அட்டவணை எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்பதைக் காட்ட அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

எழுதத் தொடங்குமுன் லீக்கின் வரலாற்றைக் காலவரிசையில் குறித்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பு பெண்களின் கால்பந்தை ஏற்றுக்கொண்டது 1970இல். தேசிய அளவிலான பெண்கள் லீக் 1974-75 சீசனில் தொடங்கியது. நெடுங்காலம் அதை நேரடியாக நடத்திவந்த கூட்டமைப்பு, 2024இல்தான் பெண்களுக்கென்று தனியாகத் தொழில்முறை லீக் அமைப்பை உருவாக்கி அதனிடம் ஒப்படைத்தது. இந்த ஆண்டுகளைக் கவனிக்காதவர்கள்தான் 2006இல் லியோனுக்கு வந்த பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றி "தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்" என்று எழுதிவிடுகிறார்கள். லியோன்கூடத் தன் வீராங்கனைகளோடு கூட்டமைப்பின் ஒப்பந்த முறைப்படி கையெழுத்திட்டது 2009 வாக்கில்தான். அதற்கு முந்தைய தலைமுறையில் வேலைக்குப் போய்வந்தும் கல்லூரியில் படித்துக்கொண்டும் மாலையில் பயிற்சிக்கு வந்தவர்களே மிகுதி. ஆகையால் தொழில்முறை வீராங்கனை என்ற சொல்லை எந்த ஆண்டிலிருந்து பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

அடுத்துக் கிளப்புகளின் பெயர்கள். பிரான்சில் பெண்கள் அணிகள் பல, தனிச் சங்கங்களாகத் தோன்றிப் பின்னாளில் ஆண்களின் பெரிய கிளப்புகளோடு இணைக்கப்பட்டவை. இன்றைய லியோன் அணி, எஃப்சி லியோன் என்ற வேறொரு கிளப்பின் பெண்கள் பிரிவாக இருந்து 2004இல் ஒலிம்பிக் லியோனே (ஓஎல்) கிளப்புக்கு வந்தது. ஜான்-மிஷேல் ஓலாஸ் தலைவராக இருந்து அதில் பணத்தையும் பொறுமையையும் முதலீடு செய்தார். 2025இல் அதே அணி ஓஎல் லியோன் (OL Lyonnes) என்று பெண்பால் வடிவில் புதுப் பெயர் சூட்டிக்கொண்டது. பாரீசுக்குத் தெற்கே இருந்த ஜுவிசி, பல முறை பட்டம் வென்ற பழைய அணி. 2017இல் அது பாரீஸ் எஃப்சியோடு இணைந்தது. பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானிப் பகுதியின் ஸ்டாட் பிரியோஷேன் அணி 2011இல் கேங்காம் கிளப்பின் அணியாயிற்று. ஆகவே ஒரு வீராங்கனை கிளப் மாறியதாக அட்டவணை சொல்லும்போது, மாறியது அவரா, அவர் காலடியில் இருந்த பெயர்ப் பலகையா என்பதைச் சரிபார்க்க வேண்டும். அந்தந்த சீசனில் வழங்கிய பெயரையே எழுதி, இன்றைய பெயரை அருகில் ஒரு முறை சுட்டினால் போதும்.

இளமைப் பருவத்தை எழுதும்போது ஊர்ப்பெயரோடு நின்றுவிடக் கூடாது. ரெனார் 1990 ஜூலை 20 அன்று கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் பிறந்து, பெலே எரிமலையின் அடிவாரத்தில் இருக்கும் லே பிரெஷேர் என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். நான்கு சகோதரிகளில் இளையவர். எட்டு வயதில் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மார்த்தினிக் பிரான்சின் ஒரு பகுதி, அங்கே பிறந்தவர் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகள். அவரைப் புலம்பெயர்ந்தவர் என்று எழுதுவது பிழை. அதே நேரத்தில், பாரீசுக்கும் அத்தீவுக்கும் இடையே அட்லாண்டிக் பெருங்கடல் கிடக்கிறது என்பதையும், தேர்வாளர்களின் கண் அங்கே எளிதில் எட்டுவதில்லை என்பதையும் சொல்லாமல் விட்டால் அவர் கடந்துவந்த தூரம் வாசகருக்குப் புரியாது.

அந்தத் தூரம் புலப்படும் இடம் க்ளேர்ஃபொன்டேன். பாரீசுக்குத் தென்மேற்கே உள்ள அந்தத் தேசியப் பயிற்சி மையத்தின் தேர்வுக்காகத் தீவிலிருந்து வந்த ரெனாரை அங்கே எடுத்துக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டியவருக்கு லியோனில் இன்னொரு வாய்ப்பு ஏற்பாடாயிற்று; அப்போதைய பயிற்சியாளர் ஃபரீத் பென்ஸ்டிட்டி அவரைச் சேர்த்துக்கொண்டார். இந்நிகழ்ச்சியை விடாமுயற்சிக்குச் சான்றாக ஊதிப் பெருக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைவிட, அக்காலத்தில் பெண்களுக்குப் பயிற்சி வழி எத்தனை குறுகலாக இருந்தது என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்வது பயனுள்ளது. ஒரே மையம் மறுத்துவிட்டால் அடுத்து எங்கே போவது என்பது திறமையைவிட அறிமுகத்தைச் சார்ந்திருந்த காலம் அது.

இனிப் பட்டங்கள். லியோன் 2006-07 முதல் 2019-20 வரை தொடர்ந்து 14 முறை பிரெஞ்சு லீக்கை வென்றது; 2020-21இல் பாரீஸ் சான்-ஜெர்மேன் அந்தத் தொடரை முறித்தது. ஐரோப்பிய அளவில் 2011, 2012, 2016, 2017, 2018, 2019, 2020, 2022 ஆகிய எட்டு ஆண்டுகளிலும் சாம்பியன்ஸ் லீக் கோப்பை லியோனுக்கே வந்தது. எட்டின் போதும் ரெனார் அணியில் இருந்தார். இவ்வெண்களைக் கண்டதும் மலைப்பு ஏற்படும், எனவே எழுதுபவர் சற்று நிதானிக்க வேண்டும். உள்நாட்டு லீக்கில் லியோனுக்கும் பட்டியலின் கடைசி அணிக்கும் இடையே பல ஆண்டுகள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தது. ஆகவே லீக் பட்டங்களை எண்ணிக்கையாகச் சொல்லிவிட்டு நகரலாம். கொரோனாவால் 2019-20 லீக் பாதியில் நின்று, அதுவரை நடந்த ஆட்டங்களின் அடிப்படையில் பட்டம் வழங்கப்பட்டது என்பதை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். விரிவு தேவைப்படுவது ஐரோப்பிய ஆட்டங்களுக்கு.

அங்கும் எட்டு இறுதி ஆட்டங்களையும் வரிசையாக ஒப்பிக்கத் தேவையில்லை. 2010இல் ஸ்பெயினின் ஹெடாஃபே நகரில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் அணியிடம் பெனால்டிகளில் லியோன் தோற்றது. மறு ஆண்டு மே 26 அன்று லண்டனில், அதே போட்ஸ்டாமுக்கு எதிராக, முதல் பாதியிலேயே லியோனின் முதல் கோலை அடித்தவர் ரெனார். ஆட்டம் 2-0 என முடிந்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் இறுதி ஆட்டத்தில் கோல் அடிப்பதற்கான காரணத்தை இந்த இடத்தில்தான் விளக்க வேண்டும். 1.87 மீட்டர் உயரமுள்ள அவர் கார்னர் கிக்கின்போது எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் செல்வார். பந்து உயர்ந்து வரும் கணத்தில், அவரைக் காவல் காப்பவர் எம்பினாலும் எட்டாத உயரத்தில் தலையால் முட்டுவார். இதனோடு பெனால்டி அடிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்ததால், பின்களத்தில் ஆடியபடியே முன்கள வீராங்கனைகள் சிலருக்கு வாய்க்காத கோல் எண்ணிக்கை அவருக்கு வந்தது. உயரத்தை அட்டவணையில் மட்டும் எழுதி, அது ஆடுகளத்தில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் விடும் கட்டுரைகளே அதிகம் என்பது என் கருத்து.

நாட்டு அணியின் பகுதியைக் கிளப் பகுதியோடு கலக்கக் கூடாது. 2011இல் முதன்முதலாகப் பிரான்சுக்கு ஆடிய ரெனார் 160க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அச்சட்டையை அணிந்தவர். ஆனால் கிளப்பில் எட்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளைத் தூக்கியவருக்கு நாட்டு அணியில் உலகக் கோப்பையோ ஐரோப்பியக் கோப்பையோ ஒலிம்பிக் பதக்கமோ இல்லை. 2011 உலகக் கோப்பையிலும் 2012 ஒலிம்பிக்கிலும் நான்காம் இடம், அதன்பின் பெரும்பாலும் காலிறுதித் தோல்விகள். கட்டுரையின் உயிர்நாடி இந்த முரணில்தான் இருக்கிறது. அதை மறைத்து "சாதனை வீராங்கனை" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் மிஞ்சாது.

ஒரு போட்டித் தொடரைத் தேர்ந்தெடுத்து நெருக்கமாகக் காட்டுவது இங்கே கைகொடுக்கும். 2019இல் பிரான்சிலேயே நடந்த உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளலாம். ஜூன் 7 அன்று பாரீசில் நடந்த தொடக்க ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக இடைவேளைக்கு முன்பே இரண்டு கோல்களைத் தலையால் முட்டி அடித்தார். நீஸ் நகரில் நார்வேயுடன் ஆடும்போது பந்தைத் தன் அணியின் வலைக்குள்ளேயே தட்டிவிட்டார். பிரான்ஸ் 2-1 என்று தப்பியது. ரென் நகரில் நைஜீரியாவுக்கு எதிராக ஆட்டம் முடியப் பத்து நிமிடங்களே இருக்கும்போது அவர் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. அடிப்பதற்கு முன்பே கோல்கீப்பர் சியாமாக்கா நாடோசி கோல் கோட்டைத் தாண்டி முன்னே வந்துவிட்டதைக் காணொளி நடுவர் குழு கண்டதால் மீண்டும் அடிக்க அனுமதி கிடைத்தது, இரண்டாம் முறை பந்து உள்ளே போயிற்று, 1-0. அதே நாடோசி அடுத்த ஆண்டே பாரீஸ் எஃப்சியில் சேர்ந்து ரெனாருக்கு லீக்கில் எதிராளியானார். காலிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக 81ஆம் நிமிடத்தில் ரெனார் ஒரு கோல் அடித்தும் பிரான்ஸ் 2-1 என்று தோற்றது. ஒரே தொடரில் நான்கு கோல்கள், ஒரு தன்கோல், மறுமுறை அடித்த ஒரு பெனால்டி: இவ்வளவு செறிவான ஒரு மாதம் கிடைத்தால் மற்ற தொடர்களை ஒரு வரியில் கடந்துவிடலாம்.

சச்சரவுகளை எழுதும் முறை தனிக் கவனம் கோருவது. நாட்டு அணியின் பயிற்சியாளர் கொரீன் டியாக்ர் 2017இல் ரெனாரிடமிருந்து தலைமைப் பொறுப்பை எடுத்து அமாந்தின் ஆன்ரியிடம் கொடுத்தார். 2021இல் அது மீண்டும் ரெனாரிடம் வந்தது. 2023 பிப்ரவரி 24 அன்று, உயர்மட்ட ஆட்டத்துக்கு வேண்டிய தரத்திலிருந்து அணியின் ஏற்பாடு வெகுதொலைவில் இருப்பதாகவும், தன் மனநலனைக் காத்துக்கொள்ள வேண்டியிருப்பதாகவும் கூறி, அவ்வாண்டு உலகக் கோப்பையில் ஆடப்போவதில்லை என்று ரெனார் அறிவித்தார். மாரி-அந்துவானெத் கத்தோத்தோவும் கதிதியாத்து டியானியும் அவரைப் பின்பற்றினர். மார்ச் 9 அன்று டியாக்ர் நீக்கப்பட்டார். இதை எழுதும்போது நாள்களை வரிசைப்படுத்தி, யார் என்ன சொன்னார் என்பதை அவரவர் கூற்றாகவே வைக்க வேண்டும். உடைமாற்றும் அறையில் நடந்ததாகச் சொல்லப்படும் கதைகளைச் செய்தியாக்க வேண்டியதில்லை. டியாக்ரும் பிரான்சுக்காக 121 ஆட்டங்கள் ஆடியவர், கிளெர்மோன் ஆண்கள் அணிக்குப் பயிற்சியளித்து வழிகாட்டியவர். அவரைக் கதையின் வில்லியாக்கிவிடுவது எழுதுபவரின் சோம்பலைத்தான் காட்டும்.

டியாக்ருக்குப் பின் பொறுப்பேற்றவர் எர்வே ரெனார். இருவர் குடும்பப்பெயரும் ஒன்றே தவிர உறவு ஏதுமில்லை. "அப்பா பயிற்சியாளரானதால் மகள் திரும்பினார்" என்ற வகைக் குழப்பம் நேராமலிருக்க, முதல் முறை முழுப்பெயரையும், பிறகு ஒருவரைப் பயிற்சியாளர் என்றும் எழுதுவது வசதி. அணிக்குத் திரும்பிய வெண்டி ரெனார் 2023 ஜூலை 29 அன்று பிரிஸ்பேனில், பிரேசிலுக்கு எதிராக, செல்மா பாச்சா அடித்த கார்னர் கிக்கை 83ஆம் நிமிடத்தில் தலையால் முட்டி 2-1 என்ற வெற்றிக் கோலாக்கினார். பிப்ரவரியின் மறுப்பையும் ஜூலையின் கோலையும் அடுத்தடுத்த பத்திகளில் வைத்தால் போதும், இடையில் விளக்கவுரை வேண்டாம்.

தகவல் தேடும்போது ஒரே இடத்தை நம்பக் கூடாது. நாட்டு அணிக் கணக்குகளுக்குக் கூட்டமைப்பின் பதிவுகளும், ஐரோப்பியக் கோப்பைகளுக்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏவின் பதிவுகளும் முதன்மையானவை. லெக்கிப் நாளேடு தேசியச் செய்திக்கு உதவும். இளமைக் காலத்துக்கோ வட்டார நாளேடுகளே கைகொடுக்கும்: மார்த்தினிக்குக்கு ஃபிரான்ஸ்-ஆந்தீய், லியோனுக்கு லெ ப்ரோக்ரே, பிரித்தானிக்கு வெஸ்ட்-ஃபிரான்ஸ். பழைய சீசன்களில் லீக் ஆட்டங்களையும் கோப்பை ஆட்டங்களையும் சிலர் சேர்த்தும் சிலர் பிரித்தும் எண்ணியிருப்பார்கள். இரண்டு இடங்களில் எண் மாறுபட்டால் எதை எண்ணினார்கள் என்று பார்த்த பிறகே ஒன்றை ஏற்க வேண்டும். 2019-20 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் 2020 ஆகஸ்டு இறுதியில் பார்வையாளர் இல்லாத அரங்கில் நடந்ததால், அதை அடுத்த சீசனில் சேர்த்துவிடும் பிழையும் அடிக்கடி நேர்கிறது.

இன்னும் ஆடிக்கொண்டிருப்பவரைப் பற்றி எழுதினால், எண்களுக்கு அருகில் அவை எந்த நாள் வரை எடுக்கப்பட்டவை என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும். 2025 ஐரோப்பியக் கோப்பைக்கான அணியில் அப்போதைய பயிற்சியாளர் லோரான் பொனடே ரெனாரைச் சேர்க்கவில்லை. நாட்டுக்காக மிக அதிகமான கோல்களை அடித்த எய்ஜெனி லெ சொமெரையும் சேர்க்கவில்லை. தேர்வாகாமல் போவது ஓய்வு பெறுவது ஆகாது. ஓய்வு என்ற சொல்லை வீராங்கனையின் சொந்த அறிவிப்பு வெளிவந்த பிறகு, அந்த அறிவிப்பின் நாளோடு சேர்த்தே எழுத வேண்டும். அதுவரை கடைசிப் பத்தி "ஆடிவருகிறார்" என்ற நிகழ்காலத்திலேயே நிற்கட்டும்.