டோனி க்வின் முறையில் பேட்டிங் பழக்குவது

சான் டியேகோவில் இருந்துகொண்டு பிள்ளைக்கு பேஸ்பால் சொல்லித்தர நினைத்தால், டோனி க்வின்னிடமிருந்து தொடங்குங்கள். அந்த ஊரின் பேஸ்பால் அணியான பாட்ரேஸுக்காக 1982 முதல் 2001 வரை ஆடியவர். 3,141 ஹிட் (பந்தை அடித்து பத்திரமாக பேஸை எட்டியவை), லீகின் சிறந்த பேட்டிங் சராசரிக்கான பட்டம் எட்டு முறை. அப்புறம் தான் படித்த சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போய், 2003 சீசனிலிருந்து 2014இல் காலமாகும்வரை அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். கோடிக்கணக்கில் சம்பாதித்தவர் கல்லூரிப் பிள்ளைகளோடு நிற்க வந்தாரே, அதனால்தான் அவர்மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு. என் மகனுக்கும் அவர் பழகிய வழியில்தான் சொல்லித்தருகிறேன்.

பேட் லேசாக இருக்கட்டும். க்வின் வைத்திருந்ததே மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பாலில், மிகச் சிறிய பேட்களில் ஒன்று. பிள்ளை ஒரு கையால் பேட்டைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கட்டும். உடனே கை தாழ்ந்தால் அந்த பேட் வேண்டாம்.

அடுத்து டீ, அதாவது பந்தை உட்காரவைக்கும் ரப்பர்த் தண்டு. எதிரே ஒரு வலை. பட்டங்கள் வாங்கிய பிறகும் க்வின் டீயில் அடிப்பதை விடவில்லை. பந்தை இடுப்புயரத்தில், ஹோம் பிளேட்டின் (அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் தரைத் தட்டு) வெளி ஓரமாக, அதாவது பிள்ளையிடமிருந்து தள்ளிய ஓரமாக, முன்னால் தள்ளாமல் தட்டின் நடுப்பகுதிக்கு நேராக வையுங்கள். முன்னால் வைத்தால் பிள்ளைக்குத் தான் நிற்கும் பக்கமாகவே இழுத்தடிக்கத்தான் தோன்றும். க்வின் இடதுகை ஆட்டக்காரர். பந்தை உள்ளே வரவிட்டு, மூன்றாம் பேஸ்காரருக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) நடுவே தட்டிவிடுவார். அந்த இடைவெளியை ‘ஐந்தரை’ என்பார்: ஆட்டக் குறிப்பில் அந்த இரு இடங்களுக்கான எண்கள் 5, 6. வலதுகைப் பிள்ளைக்கு அதே அடி முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவே போகவேண்டும். வலையில் அந்தத் திசைக்கு ஒரு துணியைக் கட்டி, அதைக் குறிவைக்கச் சொல்லுங்கள்.

இனி வீடியோ. இதுதான் முக்கியம். 1983இல் க்வின் தடுமாறியபோது, அவர் மனைவி அலிசியா வீட்டில் டிவியில் வந்த ஆட்டங்களைப் பதிவு செய்து வைத்தார். அதைப் பார்த்துத்தான் க்வின் தன் தவறைக் கண்டுபிடித்தார். பிறகு வெளியூர் ஆட்டங்களுக்கும் கருவிகளைச் சுமந்துகொண்டே போனார். நமக்கு ஒரு போன் போதும். பிள்ளையின் மார்புக்கு எதிரே, பந்து படாத தூரத்தில், இடுப்புயரத்தில் நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுங்கள். இரண்டை மட்டும் பாருங்கள்: முன்கால் தரையில் பட்ட பிறகுதான் கை புறப்படுகிறதா? பந்தில் பேட் படும்போது தலை அசையாமல் இருக்கிறதா? நல்ல அடிகளைத் தனியாகச் சேர்த்துவையுங்கள், க்வின்னும் அப்படித்தான் செய்தார். அடுத்த பயிற்சிக்கு முன் பிள்ளை அதைப் பார்க்கட்டும்.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதது வாயில் அடக்கும் புகையிலை. உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய்க்கு அதுவே காரணம் என்று அவரே நம்பினார். 54 வயதில் போய்விட்டார். இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

துணிமேல் அடி தொடர்ந்து விழத் தொடங்கியதும் டீயை எடுத்துவிட்டு, அடி போகும் திசையிலிருந்து விலகி, பிள்ளைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து பந்தை மெதுவாகப் போட்டுக்கொடுக்கலாம்.